வாகூர்க் கல்விக்கொடையும் தொடக்கப்பள்ளி விளையாட்டு நிதியும்

பாகூர் என இன்று வழங்கும் ஊர், புதுச்சேரி நகருக்குத் தெற்கே, தென்பெண்ணையாற்றுக்கு வடக்கே, பேரேரி ஒன்றன் அருகில் அமைந்துள்ளது. பழைய ஆவணங்கள் இதனை வாகூர் என்று குறிக்கின்றன. தமிழகக் கல்வி வரலாற்றில் இவ்வூர்க்குத் தனியிடம் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 877 அளவில், இங்கிருந்த வித்யாஸ்தானம் ஒன்றற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்ட செய்தியை ஐந்து செப்பேடுகள் கூறுகின்றன. அக்கல்விக் கழகத்தின் சிறப்பைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொரு வினா. ஓர் ஊர்ப் பிள்ளைகள் கற்பதற்குக் கிடைத்த பொருள் எதன்மேற் செலவாயிற்று? அவர்தம் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் அப்பொருளில் ஒரு கூறேனும் உரியதாயிற்றா? இன்று பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களில் உள்ள அரசினர் தொடக்கப்பள்ளி ஒன்று விளையாட்டு நிதியை எங்ஙனம் செலவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு, இப்பழைய வினாவிலிருந்து தொடங்குவது வீண் அன்று.

செப்பேட்டை முதலில் நோக்குவோம். கொடையாக விடப்பட்டவை சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள். கொடை வேண்டிப் பெற்றவன் வேசாலிப் பேரரையன் என்னும் தலைவன். ஊர்கள் விடப்பட்டன என்றால், அவ்வூர்களினின்று அரசனுக்கு வரவேண்டிய வருவாய் ஆண்டுதோறும் வித்யாஸ்தானத்துக்குச் சென்று சேரும் என்பது பொருள். ஒருமுறை கொடுத்து முடிந்த தொகையன்று அது. நிலம் விளையுங்காறும் வந்துகொண்டிருக்கும் வரவு. அவ்வரவு கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உணவாகவும் வாழ்வாகவும் ஆயிற்று. வித்யாஸ்தானம் என்னும் சொல் கட்டடத்தைக் காட்டிலும் அதன்கண் இருந்த ஆட்களையே குறித்தது என்பது, கொடை பெற்றோர் வித்யாஸ்தானத்தார் எனப் பலர்பாலிற் சுட்டப்படுவதாற் போதரும்.

அவ்வித்யாஸ்தானம் பதினான்கு கணங்களை உடையது எனச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கூறும். இதனை ஆராய்ச்சியாளர் பதினான்கு வித்தைகள் என்று கொள்வர். வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாஞ்சை, நியாயம், புராணம், தருமநூல் என்பன அவை. வித்தைகளைப் பதினெட்டாக எண்ணும் வழக்கும் உண்டு. அவ்வெண்ணிக்கையில் மருத்துவம், வில்வித்தை, இசை, அருத்த நூல் என்னும் நான்கும் கூடும். பதினான்கில் இடம்பெறாது பதினெட்டில் வந்து சேர்வனவற்றுள் மருத்துவமும் வில்வித்தையும் உடம்பைப் பற்றியன. இசையும் குரலும் கையும் பழகிவரும் கலையே. பதினான்கு கணங்களை வித்தைகளாகக் கொள்வது பொருந்துமாயின், வாகூரில் மூன்று ஊர்களின் விளைவும் நூற்கல்விக்கே உரியதாயிருந்தது என்று கொள்ளலாம். உடம்பின் கல்வி கொடையின் எல்லைக்குப் புறத்தே நின்றது.

எல்லா இடத்தும் அங்ஙனமே இருந்தது என்று கூறிவிடுதலும் பிழை. இதற்குப் பதினோராண்டு முந்திய கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் அமைத்த சாலையில் 95 சட்டர் பயின்றனர். அவர்க்கு வகுத்த ஒழுங்குகளுள் படைக்கலம் ஏந்தி அவைக்கு வரலாகாது என்பதும் ஒன்று. படைக்கலம் இல்லாதோர்க்கு அத்தகைய விலக்கு வேண்டுவதில்லை. எனவே, சாலைகளில் நூற்பயிற்சியோடு படைப்பயிற்சியும் இருந்திருத்தல் கூடும் எனக் கருதுவோர் உளர். சோழர் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு (வீரராசேந்திரன், 1063–1070) மற்றொரு வகையிற் சிறப்புடையது. அங்கே கோயிலைச் சார்ந்த கல்விக்கூடத்தின் மாணவர்க்கு உணவும் பாயும் இரவு விளக்கும் மட்டுமன்றிச் சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் வகுக்கப்பட்டிருந்தன. பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவச்சாலையும் உடன் இருந்தது. பயிலும் மாணவனுக்கு ஓர் உடம்பு உண்டு என்பதை நினைந்து, அதற்கெனச் செலவுத் தலைப்பு வகுத்த பழைய ஆவணம் இது. ஓர் உழக்கு எண்ணெய்க் கணக்கை அற்பமென்று ஒதுக்கும் வரலாற்றாசிரியர் கல்வி வரலாற்றின் பாதியை ஒதுக்கியவர் ஆவர்.

புதுவைப் பகுதிக்கே உரிய இன்னொரு சான்று திருபுவனையில் உள்ளது. இவ்வூர் வில்லியனூருக்கு மேற்கே, இன்றைய மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் அடங்கும். முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 1048), இங்கு 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த கல்லூரிக்கு 72 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகிறது. ஆசிரியரும் மாணவரும் ஊர்வாரியப் பணிகளினின்று விலக்குப் பெற்றிருந்தனர். பொருள் மட்டும் போதாது, ஆசிரியனுக்குப் பொழுதும் வேண்டும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். இக்குறிப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

இனி, கொடைகளுக்கு வெளியே இருந்த விளையாட்டை நோக்குவோம். தமிழ்நூல்கள் விளையாட்டை இழிவாகக் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகையின் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார்; உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் சொற்களுக்கு விளையாட்டு என்று பொருள் கூறினார். பிள்ளைத்தமிழ் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேரையும், பெண்பாற்கு அம்மானை, ஊசல் முதலியவற்றையும் பருவமாக்கிற்று. பந்தாட்டமோ இலக்கியத்தில் பெரும்பாலும் மகளிர் ஆட்டம். சிலப்பதிகார வாழ்த்துக் காதையிற் கந்துகவரி உண்டு; பெருங்கதையில் பந்தடி கண்டது என ஒரு பகுதியே உண்டு; குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடியே அறிமுகமாகிறாள். பள்ளிக்கு ஒரு பந்து வாங்கினால் அஃது ஆண்பிள்ளைகளின் காலடிக்கே போய்ச் சேரும் இக்காலத்தில், பந்து யாருடையதாயிருந்தது என்பதை நினைவூட்டுதல் தமிழாசிரியர் கடன்.

எனினும் இவையாவும் பள்ளிக்குப் புறம்பான விளையாட்டுகளே. தெருவும் ஆற்றுமணலும் ஏரிக்கரையும் கோயிற்றிடலும் அவற்றின் களம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப்பள்ளியில் விளையாட்டுக்கும் பணத்துக்கும் இருந்த உறவு இன்றைய உறவுக்கு நேர்மாறானது. நவராத்திரிக் காலத்தில் பள்ளிச் சிறுவர் கோலாட்டம் ஆடிப் பாடி வீடுதோறும் சென்று ஆசிரியர்க்குப் பொருள் திரட்டி வருவர். இன்று பிள்ளைகளின் விளையாட்டுக்கு அரசு பொருள் தருகிறது; அன்று பிள்ளைகளின் ஆட்டம் ஆசிரியர்க்குப் பொருள் தந்தது! தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுக்கள் என்னும் நூலைப் புரட்டுவோர், நம் சிறுவர் சிறுமியர் ஆட்டங்களுள் எத்துணையோ பல காசு ஒன்றும் வேண்டாதன என்பதைக் காண்பர். கல், கோல், கயிறு, கொட்டை, தரையிற் கிழித்த கோடு இவையே கருவிகள். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் தம் பாப்பா பாட்டில் காலையைப் படிப்புக்கும் மாலையை விளையாட்டுக்கும் வகுத்தார். மாலை என்பது பள்ளி விட்ட பின்னர் வரும் பொழுது. விளையாட்டு வேண்டும் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. அது பாடவேளைக்குள் வரவேண்டும் என்ற கருத்து அன்று நம்மிடைப் பரவவில்லை.

அக்கருத்து ஐரோப்பாவில் வேறு காரணம் பற்றி எழுந்தது. 1870–71ஆம் ஆண்டுப் போரில் செருமானியரிடம் தோற்ற பிரான்சு, தோல்விக்குக் காரணங்களைத் தேடியபொழுது பள்ளிக்கூடத்தையும் நோக்கிற்று. 1880 சனவரி 27ஆம் நாட் சட்டம் ஆண்பிள்ளைகளின் அரசினர் பள்ளிகளில் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. 1882 மார்ச்சு 28ஆம் நாள் இயற்றிய ழூல் பெரி சட்டம் தொடக்கக் கல்விப் பாடங்களுள் உடற்பயிற்சியைச் சேர்த்து, ஆண்பிள்ளைகட்குப் படைப்பயிற்சியும் பெண்பிள்ளைகட்குத் தையலும் விதித்தது. அதே 1880ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தன. வில்லியனூரும் பாகூரும் அன்று தோன்றிய பத்துக் கொம்யூன்களைச் சேர்ந்தவை. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு ஏற்பாடுகளும் இரு வேறு கடற்கரைகளில் வளர்ந்தன. பிரான்சில் கொம்யூனும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கின. இங்கோ கொம்யூன் அமைந்த அளவிற்கு ஊர்ப்பள்ளி அதனோடு பிணைக்கப்பெறவில்லை என்பது நம் கருத்து.

ஆயினும் பிரெஞ்சு ஆட்சியினர் பிள்ளைகளின் உடம்பை அறவே மறந்தனர் என்று கூறுதற்கில்லை. பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்கும் ஏற்பாடு புதுவையில் 1930இல் தொடங்கிற்று. திருமுக்கூடலின் எண்ணெய்க்குப் பின் உடம்பை நினைந்த செலவு இதுவென்று சொல்லத் தோன்றுகிறது. உணவுக்குப் பொருள் ஒதுக்கியபோது சமைப்பாரையும் ஏற்படுத்தியே ஆகவேண்டியிருந்தது. அரிசி மூட்டையை மட்டும் இறக்கிவிட்டுப் பிள்ளைகள் உண்டனர் என்று எவரும் கணக்கெழுத முடியாது. விளையாட்டுக்குப் பொருள் ஒதுக்கியபோது நேர்ந்தது வேறு.

புதுவை நகரிலேயே உடற்கல்வி உயர்ந்த நிலை எய்திய இடம் ஒன்று உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 திசம்பர் 2ஆம் நாள் தொடங்கிய பள்ளியில் உடற்கல்வி பாடத்தின் புறவணியாக அன்றிப் பாடமாகவே வைக்கப்பட்டது. 1949 பிப்ரவரியில் உடற்கல்விக்கெனவே ஓர் இதழ் அங்கிருந்து வெளிவந்தது; அரவிந்தரே அதற்குக் கட்டுரைகள் எழுதினார். திசம்பர் 2ஆம் நாள் உடற்பயிற்சிக் காட்சி அப்பள்ளியின் ஆண்டு வழக்கமாயிற்று. அதன் கொள்கையை ஏற்பதும் ஏலாததும் அவரவர் விருப்பம். நாம் நோக்குவது அதன் அமைப்பை. களம், கருவி, பயிற்றுவோர், நாள்தோறும் ஒதுக்கிய பொழுது ஆகிய நான்கும் அங்கே ஒருங்கு கூடின. அந்நகரிலிருந்து பாகூர் இருபது கிலோமீட்டர் தொலைவு. இந்நான்கும் சேர்ந்து அத்தொலைவைக் கடக்கவில்லை.

சென்னையில் ஆரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி, இந்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர் என்னும் தொழிலுக்கே அடிகோலிற்று. அங்குப் பயின்றோர் பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளிகளுக்கே சென்றனர். விடுதலைக்குப் பின் நடுவணரசு 1956இல் உடற்கல்விக்கு நாட்டளவில் ஒரு திட்டம் வகுத்தது. 1965இல் தேசிய உடல்தகுதிப் படை என்னும் ஏற்பாடு வந்தது. 1972இல் அதன் பயிற்சியாளர் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டனர். இதற்கிடையில் 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்து, 1962 ஆகத்து 16ஆம் நாள் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறியது. பாகூர், வில்லியனூர் ஊர்ப்பள்ளிகள் ஒரு கல்வி முறையினின்று மற்றொன்றுக்கு மாறிய காலம் அது. மாறிய முறையிலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் உயர்நிலைப்பள்ளிக்கு உரியது என்ற எண்ணமே நிலைத்தது.

அவ்வெண்ணத்தைச் சட்டமாகவே காண விரும்புவோர் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தல் வேண்டும். 2010 ஏப்பிரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பள்ளி தோறும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது; ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் தரப்படல் வேண்டும் என்கிறது. ஆசிரியரைப் பற்றிய பகுதிக்கு வந்தால், ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மட்டுமே, அதுவும் மாணவர் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கே கூறப்பட்டுள்ளனர். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு அத்தகையோர் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்பதே தொடக்கப்பள்ளிக்கான கணக்கு. ஆகவே 60 பிள்ளைகள் பயிலும் ஊர்ப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இருவரே ஆசிரியர். அவருள் ஒருவர் மூன்றாம் வகுப்பைத் திடலுக்கு அழைத்துச் சென்றால், எஞ்சிய நான்கு வகுப்புகளையும் மற்றவர் மேய்க்க வேண்டும். மேய்த்தல் என்ற சொல்லை அறிந்தே ஆள்கிறோம்; அந்நிலையில் கற்பித்தல் நடவாது.

இத்தகைய பள்ளிக்குத்தான் விளையாட்டு நிதி வருகிறது. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம், விளையாட்டுப் பொருள்கள் வாங்க ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளிக்கு 5,000 உரூபாயும், நடுநிலைப்பள்ளிக்கு 10,000 உரூபாயும், உயர்நிலை, மேனிலைப்பள்ளிகளுக்கு 25,000 உரூபாயும் வரையறுத்தது. சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியாதலின் புதுச்சேரிக்குரிய செலவில் நடுவணரசு நூற்றுக்கு அறுபதும் புதுவை அரசு நாற்பதும் ஏற்கும். ஆதலின் ஐயாயிரத்தில் மூவாயிரம் தில்லியினதும் இரண்டாயிரம் புதுவையினதும் ஆகும். வாகூர்ச் செப்பேட்டில் மூன்று ஊர். ஈண்டு மூவாயிரமும் ஈராயிரமும்.

தொகை சிறிது என்பது எவர்க்கும் புலப்படும். ஆனால் தொகையின் சிறுமையைக் காட்டிலும் அதன் வடிவமே பெரிதும் ஆராயத்தக்கது. முதலாவதாக, அது பிள்ளைகளின் எண்ணிக்கையை நோக்குவதில்லை. இருபது பிள்ளைகள் பயிலும் பள்ளியில் தலைக்கு 250 உரூபாய் ஆகும் அதே தொகை, இருநூறு பிள்ளைகள் பயிலும் பள்ளியில் தலைக்கு 25 உரூபாய் ஆகிறது. வில்லியனூர்ப் பக்கம் புதுவை நகரின் விரிவு வந்து எட்டிவிட்டது; வயலாயிருந்த இடம் மனையாகி, மனை வீடாகிறது. பாகூர்ப் பக்கம் நெல்வயல் சூழ்ந்த சிற்றூர்கள் இன்னும் உள. இரண்டிடத்துப் பள்ளிகளின் தேவையும் ஒன்றாதல் இயலாது. வீடு நெருங்கிய ஊருக்கு முதற்கண் வேண்டுவது இடம்; பிள்ளைகள் அருகிய ஊருக்கு வேண்டுவது, பதினொருவரைத் திரட்ட வேண்டாத ஆட்டம். ஒரே அளவுகோல் இரண்டையும் அளக்கிறது.

இரண்டாவது, அது பொருள் வாங்க மட்டுமே உரியது. பயிற்றுவார்க்கு அதினின்று ஊதியம் தர வழியில்லை. வாகூரில் கொடை ஆட்களை நோக்கிச் சென்றது. ஈண்டு நிதி பண்டத்தை நோக்கிச் செல்கிறது. இதுவே ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் எனலாம். அன்று நூலுக்கு ஆள் இருந்தார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று உடம்புக்குப் பந்து இருக்கிறது, ஆள் இல்லை.

பண்டத்தை நோக்கிய நிதி பள்ளிக்குள் நுழைந்தபின் யாதாகிறது என்பதை இருப்புப் பதிவேடு காட்டும். கல்வெட்டைப் படிக்கும் கண்ணோடு இப்பதிவேட்டையும் படித்தல் வேண்டும் என்பது நம் துணிபு. எதிர்கால வரலாற்றாசிரியன் இக்காலத்துத் தொடக்கப்பள்ளியின் விளையாட்டை அறியக் கிடைக்கப்போகும் முதன்மை ஆவணம் இதுவே. பொருளின் பெயர், வாங்கிய நாள், எண்ணிக்கை, விலை, தலைமையாசிரியர் கையொப்பம் என்பன அதன் நிரல்கள். பந்து எத்துணை முறை ஆடப்பட்டது என்பதற்கு நிரல் இல்லை. தணிக்கைக்கு வருவோர் பொருள் இருக்கிறதா என்றே பார்ப்பர். நாள்தோறும் ஆடப்பட்ட பந்து சில திங்களில் தேய்ந்து கிழியும்; அதனைக் கழித்தெழுதத் தீர்மானமும் ஒப்புதலும் வேண்டும். உறை பிரியாத பந்தோ ஆண்டுகள் கடந்தும் புத்தம்புதிதாய் இருப்பில் நிற்கும். ஆதலின் ஆடப்படாத பந்தே பதிவேட்டிற்கு இனிய பந்து! தலைமையாசிரியர் பந்தைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறார் என்று பழிப்போர், பூட்டாமல் விட்டால் இழப்புக்கு விடையிறுக்க வேண்டியவரும் அவரே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூட்டைப் பூட்டியது அவர் கை. பூட்டச் செய்தது பதிவேட்டின் அமைப்பு.

ஐயாயிரத்தைக் கொண்டு எவற்றை வாங்குவது என்பதிலும் அறிவு செல்ல வேண்டும். கேரம் பலகை பல பள்ளிகளிற் காணப்படுவது. அஃது எளிதில் உடையாது, அறைக்குள் இருக்கும், இருப்பில் நிற்கும்; ஆனால் ஒரு பொழுதில் நால்வரே ஆடலாம், ஓட்டமும் இல்லை. அதன் விலையில் வாங்கக்கூடிய தாண்டுகயிறுகள் ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் குதிக்கச் செய்யும். எறிவளையம், சிறிய மென்பந்து, கோடு போடச் சுண்ணாம்புத்தூள் ஆகியவையும் அத்தகையன. சுண்ணாம்புத்தூள் விளையாட்டுப் பொருளா என்று வினவும் கணக்கரும் உண்டு. சடுகுடுவுக்கும் கிளித்தட்டுக்கும் பாண்டிக்கும் அதுவன்றி வேறு பொருள் யாது? வட்டார மரபு விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்ளத் திட்டம் இடந்தருகிறது. ஆனால் மரபு விளையாட்டுகள் பெரும்பாலும் பொருள் வேண்டாதன. பொருள் வாங்க மட்டும் தரும் நிதி அவற்றுக்கு உதவுவது அரிது. கிளித்தட்டு ஆட்டத்தைப் பிள்ளைகட்குச் சொல்லித்தரவல்ல ஊர் முதியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு வேளை உண்டி கொடுக்கவும் இந்நிதியில் தலைப்பு இல்லை. சடுகுடு 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. அதன் பிறப்பிடமாகிய ஊர்த்திடலில் அதற்குக் கோடு போடுவார் இல்லை.

பிறநாட்டு ஏற்பாடு ஒன்றை ஒப்பிடுவது தெளிவு தரும். இங்கிலாந்தில், 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்குக்குப் பின், 2013இல் தொடக்கப்பள்ளிகளுக்கென உடற்கல்வி, விளையாட்டு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதலில் பள்ளிக்கு 8,000 பவுனும் பிள்ளை ஒன்றுக்கு 5 பவுனும் தரப்பட்டன. 2017இல் அவை 16,000 ஆகவும் 10 ஆகவும் இரட்டித்தன. சருக்கரை சேர்ந்த பானங்களின்மேல் விதித்த தீர்வையின் வருவாய் அதற்கு ஊற்றாயிற்று. செல்வநாட்டின் தொகையை நம் தொகையோடு ஒப்பிடுதல் பயனற்றது. ஒப்பிட வேண்டுவன மூன்று கூறுகள். ஒன்று, அடிப்படைத் தொகையோடு பிள்ளைக் கணக்கும் சேர்ந்தது. அடுத்தது, வகுப்பாசிரியர்களுக்கே உடற்கல்வி கற்பிக்கும் திறம் ஊட்டுவது அந்நிதியின் தலையாய பயன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. நிதி ஒருகால் நின்றுபோயினும் ஆசிரியர் பெற்ற திறம் பள்ளியில் நிற்கும் என்பது கருத்து. மற்றொன்று, பெற்ற தொகை, செலவு, விளைந்த பயன் ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளியும் பெற்றோர் அறிய வெளியிட்டாக வேண்டும். அங்கும் குறைகள் உள. வெளியாரைக் கூலிக்கு அமர்த்திவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் பற்றி அந்நாட்டார் பலகாலும் குறைகூறியுள்ளனர். ஆயினும் கணக்கை ஊரறிய வைக்கும் முறை நமக்குப் புதிதன்று. கொடையின் எல்லையையும் பயனையும் கோயிற் சுவரிற் பொறித்து எவரும் காண வைத்த நாடு இது. பாகூர் மூலநாதர் கோயிலின் கற்களில் சோழர் காலத்துக் கொடைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஐயாயிர உரூபாய்க் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பதற்குத் தடை யாது?

இதனைக் கேட்க உரியோரும் உளர். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்டிர். வயல்வேலைக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் தாய்மார் குழுக்கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டுத் திரும்புவதோடு அவர் பங்கு முடிந்துவிடுதல் கூடாது. தம் பெண்பிள்ளை கடந்த கிழமை எத்துணைப் பொழுது ஓடினாள் என்று அவர் கேட்பாராயின், இருப்புப் பதிவேட்டில் இல்லாத நிரல் ஒன்று தோன்றும். ழூல் பெரி சட்டம் பெண்பிள்ளைக்குத் தையலை ஒதுக்கியதுபோல எழுதிய விதி ஒன்றும் இன்று இல்லை. ஆயினும் ஒரே பந்தும் ஒரே திடலும் உள்ள பள்ளியில் விதியின்றியே அப்பிரிவினை நடைபெறுகிறது. ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் தாழ்வாரத்திற் பெண்பிள்ளைகட்கு. வெயிலும் ஓட்டமும் ஆண்பிள்ளைகட்கு.

கொம்யூனுக்கும் இதில் இடம் உண்டு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரெஞ்சுக்கால நகராட்சி அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்தாக மாறிற்று. ஊர்த்தேர்தல் 1968க்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டு கழித்து 2006இல் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. ஊர்ப்பொதுநிலத்தில் பிள்ளைகட்கு ஒரு திடல் என்று வற்புறுத்தும் உள்ளூர்க் குரல் அந்நீண்ட இடைவெளியில் ஒலிக்கவில்லை. திடல் இல்லாப் பள்ளிக்குப் பந்து அனுப்புவது, ஏர் இல்லாதவனுக்குக் கலப்பைக்கொழு அனுப்புவதை ஒக்கும்.

திருபுவனைக் கல்வெட்டுக்கு மீள்வோம். அங்கே ஆசிரியர்க்கு நிலத்தோடு பொழுதும் தரப்பட்டது என்றோம். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பொழுதை இன்று கணக்கெடுப்பும் பதிவேடும் இணையப் பதிவும் தின்கின்றன. எஞ்சிய பொழுதில் பாடம். பாடம் எஞ்சினால் விளையாட்டு. ஒரு கொம்யூனில் உள்ள தொடக்கப்பள்ளிகளை நான்கும் ஐந்துமாகச் சேர்த்து, கிழமைக்கு ஒருநாள் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து செல்லுமாறு உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை அமர்த்தினால் இவ்விடர் பெரிதும் தீரும். அவர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் உடனிருந்து கற்பாராயின் எஞ்சிய நாள்களில் அவரே நடத்தவும் கூடும். உயர்நிலைப்பள்ளிகளில் அத்தகைய ஆசிரியர் உளர். அவரைத் தொடக்கப்பள்ளிக்கும் முறைவைத்து அனுப்புதல் புதுச்செலவு வேண்டாத வழி. பள்ளிக்கென வரும் பொது மானியம் பிள்ளைகளின் தொகைக்கேற்ப வேறுபடுவதைச் சமக்ர சிக்ஷாவே ஏற்றுக்கொண்டிருத்தலின், விளையாட்டு மானியத்துக்கும் அவ்விதியைப் பொருத்துவது முன்மாதிரி இல்லாத செயல் அன்று. 2023ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் உடற்கல்வியைத் தனிப் பாடத்துறையாக ஏற்றது. பாடமென ஏற்றபின் அதற்குப் பாடவேளையும் பயிற்றுவாரும் வகுக்கப்பெறல் வேண்டும். கணக்குப் பாடத்துக்கு ஆண்டுதோறும் எண்சட்டம் ஒன்று வாங்கிக் கொடுத்து, அதனை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றி, ஆசிரியரை விட்டுவிடுவார் எவரும் இலர்.

வாகூர்க் கொடை விடப்பட்ட மூன்று ஊர்களின் எல்லைகள் இன்றைய எந்தெந்த ஊர்களோடு பொருந்தும் என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர் எழுதி வருகின்றனர். அவ்வெல்லைக்குள்ளும் அதனை அடுத்தும் இன்று இருக்கும் தொடக்கப்பள்ளிகளின் இருப்புப் பதிவேடுகள் 2018 முதல் இன்றுவரை தொகுக்கப்பெற்று, வாங்கிய பொருள், கழித்த பொருள், பூட்டிய பொருள் என வகைப்படுத்தப்படுமாயின், கல்விக்கொடை வரலாற்றின் கடைசிப் பகுதியை நாம் சான்றோடு எழுத இயலும். துறை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்ளின், பதிவேடுகள் கழிவுத்தாளாகக் கட்டப்படுவதற்கு முன்னரே பள்ளிகளை அணுகுதல் வேண்டும்.